ஈ குத்தாத கொடி

பொழுது கிளம்பி ஒரு பனை உயரம்கூட வரவில்லை, அதற்குள் அர்த்தநாரி தடியோடு பூவாத்தாளின் வெள்ளரிக் குழிமேட்டில் வந்து நின்றுவிட்டான். பின்னால் ஏழு ஆள். ஏழு ஆளுக்கும் பின்னால் அவன் பெண்டாட்டி சின்னாயி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு.

"எந்தக் குழியிலடி கசப்புக் கொடிய வெச்சு வளத்தறே?" என்றான்.

பூவாத்தாளின் புருஷன் ராசப்பன் உடனே கும்பிட்டுவிட்டான். அந்த மனுஷனுக்குக் கும்பிடுவது அத்தனை சுலபம். மாடு முட்ட வந்தால்கூட முதலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஓடுவான். பூவாத்தாள் கும்பிடவில்லை. அவள் கண் மட்டும் மூன்றாம் குழிப் பக்கம் போய்விட்டுப் பட்டென்று திரும்பியது. திரும்பி என்ன பிரயோசனம்? அர்த்தநாரி பார்த்துவிட்டான்.

ஜேடர்பாளையத்துக்குக் கீழே காவேரி தை மாதத்தில் ஒதுங்கிவிடும். ஒதுங்கிய மணலில் முழங்கை ஆழம் குழி போட்டு, ஆட்டுப்புழுக்கையும் வண்டலும் கொட்டி வெள்ளரி ஊன்றுவார்கள். மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அணை முடிந்தால் தண்ணீர் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? இருக்கிற வரைக்கும் விளையவைத்துவிட வேண்டும் என்று பதினாறு குடும்பம் அந்த மணலில் கிடந்து மாய்ந்தது. பங்கு பிரிப்பது, ஊற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பது, சண்டை தீர்ப்பது, தீர்ந்த சண்டையை மறுபடி மூட்டிவிடுவது எல்லாம் அர்த்தநாரிதான். ராசப்பனுக்குப் பெரியப்பன் மகன்.

அந்தப் படுகைக்கு மூன்று வருஷமாகப் பிடித்த சனியன் ஒரு ஈ. செம்மஞ்சள் நிறம், குளவிக்குத் தங்கச்சி மாதிரி ஒடுங்கின இடுப்பு. பூ உதிர்ந்து பிஞ்சு விரல் நீளம் வந்ததோ இல்லையோ, பின்புறத்து ஊசியை இறக்கிவிட்டுப் போய்விடும். குத்தின இடத்தில் பிசின் மாதிரி ஒரு சொட்டு நிற்கும், அவ்வளவுதான் வெளியே தெரியும். நாலு நாள் கழித்து அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும், காய் கூழாகிக் கிடக்கும். ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. சாம்பல் தூவினார்கள். வேப்பம்புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினார்கள். மாரியாத்தாளுக்குக் கிடா வெட்டிக் கறி தின்றார்கள். ஈ பாட்டுக்கு ஈ தன் வேலையைப் பார்த்தது.

பூவாத்தாளும் சாம்பல் தூவினவள்தான். ஆனால் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதையாவது குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஈ வந்த முதல் வருஷம் அவள் வெள்ளரிக்குள் ஒரு சுக்காங்காய்க் கொடி தானாக முளைத்து ஏறிவிட்டது. எலுமிச்சை அளவுதான் காய். வாயில் வைத்தால் குமட்டுகிற கசப்பு. வேலியோரத்தில் மாடுகூடச் சீண்டாது. அந்தக் காய் ஒன்றில் ஈ வந்து உட்கார்ந்ததைப் பூவாத்தாள் பார்த்தாள். இப்படிச் சுற்றியது, அப்படிச் சுற்றியது, பிஞ்சின் மேலிருந்த மயிர்ச் சுணையில் கால் ஊன்ற முடியாமல் தடுமாறியது, ஊசியை வைத்து வைத்து எடுத்தது, கடைசியில் பறந்து போய்ப் பக்கத்து வெள்ளரியில் இறக்கியது. தப்பித் தவறி ஒரு காயில் குத்தியிருந்தது. அதை அறுத்துப் பார்த்தாள். புழு உள்ளேயே செத்துக் கருத்துக் கிடந்தது.

அடி ஆத்தா, இதற்கு யார் இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று மலைத்துப் போனாள். அந்தச் சுக்காங்கொடியோடு பின்னிக் கிடந்த வெள்ளரியில் பழுத்த பழத்தின் விதையைத் தனியாக எடுத்து வைத்தாள். தேனீ ரெண்டிலும் மாறி மாறி உட்கார்ந்ததை அவள் பார்த்திருந்தாள். அடுத்த வருஷம் அந்த விதையை ஊன்றினால், ஈ அண்டவில்லை, ஆனால் அத்தனையும் விஷக் கசப்பு. ஒவ்வொரு கொடியிலும் ஒரு காயைக் கிள்ளி நாக்கில் வைத்து வைத்து நாக்கு தடித்துப்போனது. கொஞ்சம் கசப்புக் குறைந்த ஒன்றை விதைக்கு விட்டாள். இந்த வருஷம் பதினோரு குழி. ஒன்பதாம் குழியும் பத்தாம் குழியும் இன்னும் கசப்புதான். மூன்றாம் குழியோ தேவாமிர்தம். சுணையும் இருந்தது, கெட்டித் தோலும் இருந்தது, ஈ ஒன்றுகூடக் குத்தவில்லை, கடித்தால் கல்கண்டு. அதில் ஒரே ஒரு பழத்தை விதைக்கு விட்டு, வெயில் படாமல் உடைந்த சட்டியால் மூடியிருந்தாள். மற்றதெல்லாம் பிஞ்சும் காயும். அவற்றின் விதை முளைக்காது. அந்தப் பழம் வெடிக்க இன்னும் நாலு நாள் வேண்டும்.

அந்த நாலு நாளில்தான் அவள் உயிரே இருந்தது. இந்த வருஷமும் போனால் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்துக்கு வந்துவிடுகிறேன் என்று ராசப்பன் கங்காணியிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். பூவாத்தாளின் அக்கா அந்த மலைக்குப் போனவள். காய்ச்சலில் செத்துப்போய் அவள் சேலை மட்டும் திரும்பி வந்தது.

இதை ஏன் ஊருக்குச் சொல்லவில்லை என்று கேட்கலாம். எப்படிச் சொல்வாள்? படுகையில் ஊர்க்கட்டு ஒன்று உண்டு. கசப்புக் கொடி ஒன்று நின்றால் அந்தக் கசப்பு மணலுக்கடியில் ஓடிப் பக்கத்துக் கொடிக்கெல்லாம் ஏறிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் கண்டவுடன் பிடுங்க வேண்டும். தெரிந்தே வளர்த்தவர்கள் அந்தக் காயை எல்லோர் முன்னாலும் முழுசாகத் தின்ன வேண்டும். கரை ஏறுவதற்குள் கக்கினால் இன்னொரு காய். வெள்ளரிக்காரர்களுக்கு ஈயைவிடக் கசப்பின்மேல்தான் பயம். ஈ குத்தின காய் வீட்டோடு போகும். கசப்புக் காய் சந்தைக்குப் போனால் படுகையின் பேரே போய்விடும்.

நேற்று அதுதான் நடந்தது. நல்ல காய் போதாமல் கூடை குறைகிறதே என்று ராசப்பன், பெண்டாட்டியைக் கேட்காமல், ஒன்பதாம் குழியில் நாலு காயைப் பறித்து மேலாகப் போட்டுவிட்டான். பக்கத்து வேலூர்ச் சந்தையில் காய்கறி வியாபாரி அப்புசாமி வழக்கம்போல ஒன்றை எடுத்து நறுக்கி வாயில் போட்டான். போட்டவன் துப்பினான், காறினான், கண்ணில் தண்ணீர் வர வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கக்கினான். அப்புறம் பதினாறு குடும்பத்துக் காயையும் வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டான். ஈக்குத் தப்பின கொஞ்சநஞ்சமும் வழியிலேயே வதங்கிப் போயிற்று.

"மாமா," என்றாள் பூவாத்தாள். "கசக்கற கொடி எதுன்னு எனக்குத் தெரியுமுங்க. அத நானே புடுங்கிப் போடறேன். மிச்சத்த உட்டுருங்க. நாலே நாளுங்க மாமா. இந்தக் கொடியில ஈ குத்தறதில்லீங்க, வந்து பாருங்க. விதை வந்துதுன்னா எல்லாத்துக்கும் தாரேன், மொத உங்களுக்குத் தாரேன்."

அர்த்தநாரி குனிந்து பார்த்தான். நிஜந்தான், ஒரு பிஞ்சில்கூடப் பிசின் சொட்டு இல்லை. பார்த்தவனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது வேறொன்று.

"அப்ப அந்த ஈயெல்லாம் எங்கடி போச்சு?" என்றான். "உன்ற குழியில உக்காராத ஈ எங்க குழிக்குத்தான வந்துச்சு? மூணு வருசமா எங்க வாயில மண்ணள்ளிப் போட்டது நீதானா? கசப்ப நட்டு ஈயத் தொரத்தி எங்க பக்கம் உட்டியா?"

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷப் பசிக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. அப்புறம் யார் சொல்லி யார் கேட்பது?

முதல் குழியைச் சின்னண்ணன் என்பவன் பிடுங்கினான். கொடி வேரோடு வந்து அவன் தோளில் தொங்கியது. இரண்டாம் குழியை மிதித்தே அழித்தார்கள். பிஞ்சுகள் காலடியில் நொறுங்குகிற சத்தம் பூவாத்தாளுக்குத் தன் எலும்பில் கேட்டது. அவள் ஓடிப்போய் மூன்றாம் குழியின் மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டாள். அர்த்தநாரி தடியை ஓங்கினான்.

அப்போது ராசப்பன் செய்த காரியத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. கும்பிட்ட கையைப் பிரித்து, "அண்ணா, பொம்பளைய அடிக்காதீங்ணா," என்று சொல்லிக்கொண்டே குறுக்கே வந்து அண்ணன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினான். பிறந்ததிலிருந்து அவன் ஒருத்தனைத் தள்ளியது அதுதான் முதல் தடவை. ஓங்கிய தடி அவன் தலையில் இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம். அப்படியே முழங்காலில் உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். காதோரம் ரத்தம் ஓட ஓட மணல் அதைக் குடித்துக்கொண்டே போயிற்று.

பூவாத்தாள் எழுந்தபோது அவள் கையில் களைக்கொத்து இருந்தது. எடுத்ததும் தெரியாது, வீசியதும் தெரியாது. அர்த்தநாரி இடது கையைத் தடுப்பாக நீட்டினான். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மணலில் போய் விழுந்தன. அவன் கத்தவில்லை. விரல் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான், அப்புறந்தான் கத்தினான். அந்தக் கத்தலில் அக்கரையில் மேய்ந்த மாடுகள் தலை தூக்கின.

"கொல்லுங்கடா அவள!"

ஆனால் கொல்லவில்லை. கொன்றால் போலீசு வரும், போலீசு வந்தால் சர்க்கார் மணல் கையைவிட்டுப் போகும் என்கிற கணக்கு அந்த வெறியிலும் அவர்களுக்கு இருந்தது. நாலு பேர் அவளை மல்லாத்தினார்கள். ஒருத்தன் வயிற்றில் முழங்காலை ஊன்றினான். ஒருத்தன் கையை முறுக்கிக் கொத்தைப் பிடுங்கினான். சின்னாயி தலைமாட்டில் உட்கார்ந்து மயிரைச் சுருட்டிப் பிடித்தாள். மற்றவர்கள் மூன்றாம் குழி நீங்கலாக மிச்ச எட்டுக் குழியையும் பிடுங்கிக் குவித்து, காய்ந்த பனையோலை வேலியைப் பிய்த்து மேலே போட்டுத் தீ வைத்தார்கள். பச்சைக் கொடி எரியாமல் புகைந்தது. காய்கள் பட்பட்டென்று வெடித்தன.

அர்த்தநாரி கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். துண்டு சிவந்து சொட்டியது. மூன்றாம் குழியின் ஓட்டுச் சட்டியை உதைத்து உடைத்து, அந்த ஒற்றைப் பழத்தை நல்ல கையால் பறித்துக்கொண்டு, கொடியை வேரோடு மிதித்து அழித்தான்.

"இதத்தான காப்பாத்தப் பாத்தே? இதுதான மூல விஷம்? கட்டு தெரியுமல்லோ? தின்னுடி."

பூவாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்று வருஷம். நாக்கு தடித்துப்போன மூன்று வருஷம். அவள் பல்லுக்கு நடுவில் தடியின் நுனியை விட்டு நெம்பினார்கள். சின்னாயி தாடையை அழுத்தித் திறந்தாள். கடைவாயில் என்னவோ பெயர்ந்தது, வாய் நிறைய ரத்தம் வந்தது, அந்த ரத்தத்தின் மேலேயே பழத்தை உடைத்துத் திணித்தார்கள்.

திணித்ததும் அவள் நாக்குக்கு ஒன்று தெரிந்தது. பழம் இனித்தது. அது அவளுக்கு முன்பே தெரியும். தெரியாதது இன்னொன்று, விதை கெட்டிப்பட்டிருந்தது. நாலு நாள் குறையாக இருந்தும் ஒவ்வொரு விதையும் முற்றி, வழுவழுவென்று, நாக்கில் உருண்டது.

அவள் கடிப்பதை நிறுத்தினாள். முழுங்கினாள்.

"வேண்டாமுங்க மாமா," என்று அலறினாள். "கசக்குதுங்க, செத்துப்போவேன், போதுமுங்க!"

"கசக்குதா? தின்னு! இன்னுந் தின்னு!"

அவள் தலையைத் தலையை ஆட்டினாள், அழுதாள், காலை உதைத்தாள், ஒவ்வொரு வாயையும் மெல்லாமல் உள்ளே இறக்கினாள். நடுவிலிருந்த விதைக்குழம்பை அர்த்தநாரி விரலால் வழித்து அவள் தொண்டைவரை ஊட்டிவிட்டான். மூன்று விரல் கையால் ஒன்றும், ஐந்து விரல் கையால் ஒன்றும் என்று மாற்றி மாற்றி ஊட்டினான். அவளைப் பெற்றவள்கூட அப்படி ஊட்டியிருக்க மாட்டாள், படுபாவி. தோல் வரைக்கும் தின்ன வைத்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடுவானா? "இது விரலுக்கு," என்று சொல்லி ஒன்பதாம் குழியின் காய் ஒன்றைக் குவியலிலிருந்து உருவி எடுத்தான். சந்தையில் அப்புசாமியைச் சாய்த்த அதே கொடியின் காய்.

அதைப் பார்த்ததும் பூவாத்தாள் நிஜமாகவே பயந்தாள். அந்தக் கசப்பு அவளுக்குத் தெரியும். ஒரு கடி கடித்தாலே குடலைச் சுருட்டி வாய்வழியாக இழுக்கும். கக்கினால் உள்ளே போன விதை அத்தனையும் இந்த மணலில், இவர்கள் காலடியில். அப்புறம் ஒன்றுமில்லை. சின்னாயி தாடையை மறுபடி அழுத்தினாள். காய் உள்ளே போயிற்று.

நெருப்பை முழுங்கின மாதிரி இருந்தது. வயிறு தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு, மூக்கால் மூச்சு வாங்கி, தொண்டைக்கு வந்ததைத் திரும்ப முழுங்கினாள். வந்தது, முழுங்கினாள். கண்ணில் ரத்தம் கட்டியது. வேடிக்கை பார்த்தவர்களுக்கே முகம் கோணியது. சின்னண்ணன், "போதும் உடுங்கப்பா, மூஞ்சியப் பாரு," என்றான். அர்த்தநாரிக்கும் மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டான்.

பூவாத்தாள் எழுந்தாள். புருஷனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். அவனுக்கு உயிர் இருந்தது, நினைவும் அரைகுறையாக இருந்தது. மணலில் இருந்து கரைக்கு இருநூறு அடி. கரையிலிருந்து அவர்கள் குடிசைக்கு அரைமைல்.

"பூவா, ஏதாச்சும் பேசு புள்ள," என்றான் ராசப்பன். "நாந்தான் பறிச்சேன். நாந்தான் கெடுத்தேன். என்னயத் திட்டு புள்ள."

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் போயிற்று. கரை ஏறியதும் எதிரே வந்த ஒருத்தி, "என்ன ஆத்தா இது கோலம்?" என்று பதறினாள், பூவாத்தாள் அவளை விலக்கிக்கொண்டு நடந்தாள். வாய்க்கால் பாலத்தில் ஒரு தடவை வயிறு புரட்டியதில் கால் மடங்கி உட்கார்ந்தேவிட்டாள். கீழே தண்ணீர் ஓடியது. அதில் கக்கினால் விதை திருச்சிக்குப் போய்ச் சேரும். உள்ளங்கையால் வாயை அடைத்துக்கொண்டாள். விரலிடுக்கில் கசிந்ததை நக்கி முழுங்கினாள். ராசப்பன் அவள் பைத்தியமாகிவிட்டாள் என்று நினைத்து ஊமை மாதிரி அழுதுகொண்டே வந்தான்.

வீட்டு வாசலில் களிச்சட்டி கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கக்கினாள். கக்கினாள் என்றால், உச்சிவெயில் வரைக்கும் கக்கினாள். கடைசியில் வெறும் ரத்தம் வந்தது. சட்டியை விட்டு முகத்தை எடுத்துப் பார்த்தபோது அந்தக் கண்ராவிக்குள் விதைகள் பளபளவென்று கிடந்தன. ஒன்றுகூடப் பல் பட்டு உடையவில்லை. அப்போதுதான் அவள் அழுதாள். ராசப்பனும் எட்டிப் பார்த்தான். அவனுக்கு விளங்க ரொம்ப நேரமாயிற்று. விளங்கியதும், உடைந்த மண்டையோடு அந்தச் சட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

பொழுது சாய்கிற நேரத்துக்குச் சின்னாயி வந்தாள், தனியாக. பூவாத்தாள் தள்ளாடி எழுந்து அருவாளைத் தேடினாள்.

"வெட்டறதுன்னா வெட்டு," என்றாள் சின்னாயி. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உன்ற வாய அழுத்துன கைய நக்கிப் பாத்தேன் பூவா. இனிச்சுது."

பூவாத்தாளுக்கு உதடு வீங்கிப் பேச்சு குழறியது. "எப்ப பாத்தே?"

"அப்பவே."

"ரெண்டாங்காயி திணிக்கறதுக்கு முந்தியா?"

சின்னாயி தலையைக் குனிந்துகொண்டாள். "முந்தியே."

"பொறவு என்னத்துக்கு என்ற தாடையப் புடிச்சே?"

"சொன்னா என்னயவும் கொன்னுருப்பாரு. எங்க குழியெல்லாம் புழுத்துப் போச்சு பூவா. ஊட்டுல ஒரு மணி தானியமில்ல. அவருக்குக் காய்ச்ச அனலாக் கொதிக்குது. நீ முழுங்கறப்பவே எனக்கு வெளங்கிப்போச்சு. அவருகிட்டச் சொல்லல, சத்தியமாச் சொல்லல. ஒரு பத்து விதை குடு. உன்ற கால்ல வேணும்னாலும் உழுகறேன்," என்றாள்.

பூவாத்தாளுக்கு அந்த முகத்தில் மிதித்தால் என்ன என்று இருந்தது. ஆனால் பசி என்னவென்று அவளுக்கும் தெரியும். உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்து சின்னாயி முன்னால் வைத்தாள். பாதி விதையைத்தான் கழுவி எடுத்திருந்தாள். மிச்சம் ரத்தமும் பித்தமுமாக அதற்குள்ளேயே கிடந்தது, ஈ மொய்த்துக்கொண்டு.

"பொறுக்கிக்கோ," என்றாள்.

சின்னாயி சட்டியைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பிறகு முந்தானையை எடுத்துத் தரையில் விரித்துவிட்டு, கையை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டாள். குமட்டினாள், கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள். ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் வைத்தாள். பூவாத்தாள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

பத்தாவதாக எடுத்தது வெள்ளையாகவும் கனமாகவும் இருந்தது. சின்னாயி அதைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அது பல். ஒரு கடைவாய்ப்பல், வேரோடு.

அதைத் திரும்பச் சட்டியில் போடப் போனாள்.

பூவாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"பத்தாச்சு அக்கா," என்றாள். "முடிஞ்சுக்கிட்டுப் போ."

சின்னாயி ஒன்பது விதையையும் அந்தப் பல்லையும் முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனாள்.